சோன் 3-ங்கிற எல்லைக் கோட்டை யார் போட்டா? கோயமுத்தூருக்குன்னு ஒரு நிலநடுக்க மேப் போட முடியுமா?

கேள்வி: வடவள்ளி வீட்டுக்காரன் | 9 பிப்ரவரி 2023

துருக்கி பூகம்ப வீடியோ பாத்ததுல இருந்து தூக்கம் இல்ல. வடவள்ளில நானும் என் தம்பியும் சேர்ந்து ஸ்டில்ட் (கீழ கார் நிறுத்த காலி) பிளஸ் 3 கட்டுறோம். இன்ஜினியர் இது நிலநடுக்க சோன் 3, பில்லர் கம்பியைச் சுத்தற ரிங் நெருக்கமா போடணும், பில்லர் ஒம்பது இஞ்ச் ஆகாதுன்னு செலவை ஏத்துறாரு. திருச்சில மச்சான் போன வருசம் இதே அளவுல கட்டினான், அவனுக்கு இந்தப் பேச்சே இல்ல. தமிழ்நாட்டுல பூகம்பமே வராதுன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். இந்த சோனை யார் பிரிச்சா, எதை வச்சு பிரிச்சா? எங்க தெரு என்ன கலர்னு பாக்கற மாதிரி மேப் ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

10 பிப்ரவரி 2023, காலை 6.50

தம்பி, நான் ஸ்ட்ரக்சரல் டிசைன்ல இருபத்தஞ்சு வருசமா குப்பை கொட்டுறவன், கோயமுத்தூர்தான். தெரு தெருவா கலர் அடிச்ச மேப் கடையில கிடைக்காது. நாட்டுக்கு இருக்கற மேப் ஒண்ணுதான், ஐஎஸ் 1893ங்கற நிலநடுக்கக் கட்டட விதிப் புத்தகத்துல (2016 பதிப்பு) ஒரு பக்கம். அதுல சோன் 2, 3, 4, 5.

சோன் 1 எங்கன்னு கேக்க மாட்டேங்கறீங்களே, கதையே அங்கதான இருக்கு. 1962ல முதல் மேப் வந்தப்ப 0ல இருந்து 6 வரைக்கும் ஏழு சோன். 0ன்னா இங்க ஒண்ணும் வராது, நிம்மதியா தூங்குங்கன்னு அர்த்தம். தக்காண பீடபூமி பழைய கெட்டிப் பாறை, அசையாதுன்னு நம்பிட்டு இருந்தாங்க. 1967 டிசம்பர்ல மகாராஷ்டிராவுல கொய்னா அணைக்கிட்ட 6க்கு மேல ஒண்ணு ஆட்டிருச்சு. 1970 மேப்ல அந்த 0வைத் தூக்கிட்டு 1ல இருந்து 5ன்னு ஆக்கினாங்க. அப்புறம் 1993 செப்டம்பர் 30 விடியக்காலை லாத்தூர் பக்கம் கில்லாரி. அந்த இடம் அப்ப சோன் 1, அதாவது இருக்கறதுலயே பத்திரமான கலர். 6.2தான் அளவு, ஆனா மண்சாந்து வச்சுக் கட்டின கனத்த கல்லுச்சுவரு தூங்கிட்டு இருந்தவங்க மேல விழுந்து ஆயிரக்கணக்குல செத்தாங்க. 2002ல அந்த 1ஐயும் எடுத்துட்டாங்க, மெட்ராஸை 2ல இருந்து 3க்கு ஏத்துனதும் அப்பத்தான். கீழ்ப் படிக்கட்டு ஒவ்வொண்ணா காணாமப் போனதுதான் நம்ம மேப்போட வரலாறு, ஒவ்வொரு தடவையும் எங்கயோ செத்த அப்புறம்தான்.

கோடு போட்டது எதை வச்சுன்னா, பெரும்பாலும் ஏற்கனவே எங்க எவ்வளவு ஆடுச்சு, சுவரு வெடிச்சுதா, ஓடு சரிஞ்சுதாங்கற பழைய ஞாபகத்தை வச்சு. சோன் 3ன்னா, ஒரு இடத்துல எவ்வளவு உலுக்கி சேதம் பண்ணுதுன்னு பாக்கற எம்எஸ்கே அளவுகோல்ல 7 வரைக்கும் உலுக்கலாம்னு எதிர்பார்ப்பு. கோயமுத்தூருக்கு அந்த ஞாபகம் உண்டு. 1900 பிப்ரவரி 8, விடியறதுக்கு முன்னாடி 3 மணி வாக்குல, 6 கிட்ட (5.7ன்னு குறைச்சு சொல்றவங்களும் உண்டு). தென்னிந்தியா முழுக்க உணர்ந்தாங்க. நேத்து முந்தாநாள்தான் 123 வருசம் ஆச்சு, யாராவது பேசினாங்களா?

---

10 பிப்ரவரி 2023, காலை 7.05

மேல “முந்தாநாள்”னு எழுதணும், “நேத்து முந்தாநாள்”னு எழுதிட்டேன். காப்பி குடிக்காம டைப் பண்ணினா இப்படித்தான்.

---

10 பிப்ரவரி 2023, இரவு 10.15

மச்சான் திருச்சிக் கதைக்கு வரேன். புத்தகத்துக்குப் பின்னாடி ஊர் வாரியா ஒரு பட்டியல் இருக்கு. திருச்சி 2, மதுரை 2, தஞ்சாவூர் 2. கோயமுத்தூர், சேலம், தர்மபுரி, வேலூர், சென்னை, கடலூர் எல்லாம் 3. ஆக மச்சான் பொய் சொல்லல. ஆனா அதே பட்டியல்ல பாண்டிச்சேரி 2. வடக்க சென்னை 3, தெக்க இருபது கிலோமீட்டர் சில்லறை போனா கடலூர் 3, நடுவுல பாண்டி மட்டும் 2. இதுல கூத்து என்னன்னா 2001 செப்டம்பர் 25 ராத்திரி எட்டரை மணி வாக்குல வந்த 5.5 நடுக்கத்துக்குப் பேரே பாண்டிச்சேரி நடுக்கம், அந்த ஊருக்கு நேர் கடல்லதான் மையம்.

அன்னிக்கு நான் மெட்ராஸ்ல திருவல்லிக்கேணி மேன்ஷன்ல மூணாவது மாடில படுத்திருந்தேன். கட்டில் லேசா நகந்துச்சு. கீழ தண்ணி மோட்டார் போட்டிருக்கான், அதிர்றது அதுதான்னு திரும்பிப் படுத்துட்டேன். பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டி “சார் எல்லாரும் ரோட்டுல நிக்கறாங்க”ன்னு சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியராம்.

கோட்டோட நுணுக்கத்தையும் சொல்லிடறேன். நாடு வடக்கு தெற்கா சுமார் 3,200 கிமீ. அது ஒரு பக்கத்துல இருபது சென்டிமீட்டர்ல நிக்குதுன்னா, அரை மில்லிமீட்டர் தடிப்புக் கோடு தரையில எட்டு கிலோமீட்டர் அகலம். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டா கோட்டுக்குள்ளயே ஒரு டவுன் இருக்கும்.

---

11 பிப்ரவரி 2023

செலவு ஏன் ஏறுதுன்னு கணக்காவே காட்டறேன். கட்டடம் 500 டன்னு வச்சுக்கங்க. பக்கவாட்டுல எவ்வளவு தள்ளும்னு பாக்கற சூத்திரம் சுலபம்: சோன் எண்ணுல பாதி, பெருக்கல் கட்டட முக்கியத்துவம் (இங்க 1), வகுத்தல் ஆர், பெருக்கல் 2.5 (உங்க மாதிரி குட்டைக் கட்டடத்துக்கு). சோன் 2க்கு எண் 0.10, சோன் 3க்கு 0.16. ஆர்ங்கறது கட்டடம் உடையாம எவ்வளவு வளைஞ்சு குடுக்கும்ங்கறதுக்கு ஒரு மார்க், பில்லரும் பீமும் சேர்ந்த சாதாரண சட்டத்துக்கு (ஃப்ரேம்) 3.

திருச்சி: 0.05 வகுத்தல் 3 பெருக்கல் 2.5, நாலு சதவீதம் சொச்சம், 21 டன்.
கோவை: 0.08 வகுத்தல் 3 பெருக்கல் 2.5, ஆறே முக்கால் சதவீதம் கிட்ட, 33 டன்.

12 டன் கூட. அதுக்குத்தான் கம்பி.

---

12 பிப்ரவரி 2023

நேத்து எழுதினது தப்பு. சேலத்துல இருந்து ஒரு ஜூனியர் பையன் தனியா மெசேஜ் போட்டு மரியாதையா காதைத் திருகிட்டான், நன்றி.

2016 பதிப்புல, சோன் 3லயும் அதுக்கு மேலயும் சாதாரண ஃப்ரேமே கூடாது. ஆர் 3ன்னு போட்டு கோவைல கணக்குப் பண்ண அனுமதி கிடையாது. வளைஞ்சு குடுக்கற மாதிரி விவரமா கம்பி கட்டணும் (அதுக்குத் தனிப் புத்தகம் ஐஎஸ் 13920), அப்ப ஆர் 5. இப்ப மறுபடி போடுங்க: 0.08 வகுத்தல் 5 பெருக்கல் 2.5, சரியா நாலு சதவீதம், 20 டன்.

பாத்தீங்களா? திருச்சிக்கு 21, கோவைக்கு 20! மேப்ல சிவப்பு ஏறி இருக்கு, கம்ப்யூட்டர்ல விசை குறையுது. பல வருசமா இந்தக் கணக்கை சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்குது, கையில போட்டுப் பாக்காததால எனக்கே இது உறைக்கல. வித்தியாசம் முழுக்க ரிங்ல இருக்கு. 20 டன்னுக்கு டிசைன் பண்றேன்னு நீங்க சொல்றது, “நிஜமா அதைவிடப் பல மடங்கு வந்தா பில்லர் நசுங்காம வளைஞ்சு நிக்கும்”னு வாக்கு குடுத்துட்டு வாங்கற டிஸ்கவுண்ட். சைட்டுல ரிங் சரியில்லன்னா டிஸ்கவுண்டை வாங்கிட்டு வாக்கை மீறின மாதிரி. அப்ப உங்க வீடு திருச்சி வீட்டைவிட மோசம்.

உங்க இன்ஜினியர் சொன்னது அத்தனையும் சரி தம்பி. ஒம்பது இஞ்ச் பில்லருக்கும் அதே பதில்தான், 2016 புத்தகப்படி குறைஞ்சது 300 மிமீ.

---

18 பிப்ரவரி 2023

“இந்த மேப்பே பழசுன்னா புதுசு எப்படிப் போடறது”ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி, எனக்கும் லாக்டவுன்ல அந்தப் பைத்தியம் பிடிச்சுது. கோயமுத்தூரைச் சுத்தி 300 கிமீக்கு நானே ஒண்ணு போடறேன்னு உக்காந்தேன். மனைவி ரொட்டி சுடக் கத்துக்கிட்டாங்க, நான் இது.

முதல்ல பட்டியல். எந்த வருசம், எந்த நாள், எங்க, எவ்வளவு பெருசு. பழசுக்கு 1883ல ஓல்டாம் வெளியிட்ட இந்திய நிலநடுக்கப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, அப்பா எழுதினதை மகன் வெளியிட்டாரு. அதைப் புரட்டினா எங்க வெள்ளைக்காரன் குடியிருந்தானோ அங்கதான் பூமி ஆடியிருக்கற மாதிரி இருக்கும். காட்டுக்குள்ள ஆடினா எழுத யார் இருந்தா? அதனால 1800க்கு முன்னாடி இல்லைங்கறது வரலைன்னு அர்த்தம் இல்ல, எழுதலைன்னு அர்த்தம். சின்ன நடுக்கங்க கருவி நிறைய வந்த பின்னாடிதான் பட்டியல்ல ஏறுது. எந்த அளவுக்கு மேல எந்த வருசத்துல இருந்து பட்டியல் முழுசுன்னு முடிவு பண்றதுலயே பாதி சண்டை.

அடுத்தது, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு அளவுகோல்ல எழுதி வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் ஒரே அளவுக்கு மாத்தணும். பின்னதிர்வுகளைக் கழிக்கணும், இல்லாட்டி ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தை ஊர் ஜனத்தொகைன்னு எண்ணின கணக்காயிரும். குவாரி வெடியையும் கழிக்கணும். நம்ம பக்கம் மதுக்கரை, சூலூர்ல இருக்கறவங்களைக் கேளுங்க, மத்தியானம் ஜன்னல் அதிர்ந்தா யாரும் எந்திரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க.

நான் பண்ணின அசிங்கத்தையும் சொல்லிடறேன். முதல் ரவுண்டுல எனக்குக் கோயமுத்தூர்ல 1900ல ரெண்டு பெரிய நடுக்கம் வந்துச்சு. பிப்ரவரி 7ல ஒண்ணு, 8ல ஒண்ணு. அடடா யாருக்கும் தெரியாத விசயத்தைக் கண்டுபிடிச்சுட்டோம்னு மூணு நாள் தலைகால் புரியல. அப்புறம் பாத்தா நம்ம நேரம் விடியக்காலை 3ன்னா கிரீன்விச் நேரத்துல முந்தின நாள் ராத்திரி. ஒரே நடுக்கம், ரெண்டு தேதி, எக்செல்ல ரெண்டு வரி.

பட்டியல் சுத்தமான பிறகு, எந்தப் பிளவு, எந்தப் பகுதி எவ்வளவு அடிக்கடி எவ்வளவு பெருசா குடுக்கும்னு ஒரு விகிதம். பொதுவா அளவுல ஒண்ணு ஏறினா எண்ணிக்கை பத்துல ஒண்ணா குறையும். பிறகு, அங்க ஆடினா இங்க வர்றதுக்குள்ள எவ்வளவு தேயும்னு ஒரு சமன்பாடு. நம்ம தீபகற்பத்துக்கு ஐயங்கார், ரகுகாந்த் ரெண்டு பேரும் 2004ல போட்டதை நான் எடுத்தேன். பழைய கெட்டிப் பாறையில அலை சீக்கிரம் சாகாது, வெண்கல மணில தட்டின மாதிரி ரொம்ப தூரம் போகும். கலிஃபோர்னியா சமன்பாட்டைக் காப்பி அடிச்சா தேய்மானம் ஜாஸ்தியா காட்டி நம்மை ஏமாத்திரும். கடைசில எல்லா இடத்துல இருந்தும் எல்லா அளவும் வர்ற வாய்ப்பைக் கூட்டிப் பெருக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். இந்த வழிக்கு அடித்தளம் 1968ல கார்னெல்ங்கறவர் போட்டது. நம்ம தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இதே முறையில இந்தியா முழுசுக்கும் ஒண்ணு போட வச்சிருக்கு. ஐஎஸ் 2016 புத்தகத்து நாலு கலர் மேப் அந்த வகை இல்ல.

அந்த எண்ணு என்ன சொல்லும்னா, “50 வருசத்துல இந்த அளவைத் தாண்டறதுக்கு 10 சதவீதம் வாய்ப்பு”ன்னு. அதையே 475 வருசத்துக்கு ஒருக்கான்னும் சொல்வாங்க.

---

19 பிப்ரவரி 2023

“1900 + 475 = 2375, அதுவரைக்கும் கவலையில்ல”ன்னு எழுதின பொள்ளாச்சி நண்பருக்கு: உங்களுக்கு லாட்டரி விழுந்தா அடுத்த 475 வருசத்துக்கு விழாதுன்னு சொல்வீங்களா? ஒவ்வொரு வருசமும் புதுசா சீட்டு குலுக்கறாங்க, 475ல ஒரு சீட்டு உங்க பேரு. அவ்வளவுதான்.

---

19 பிப்ரவரி 2023, கொஞ்ச நேரம் கழிச்சு

இல்ல, லாட்டரி உதாரணமும் முழுசா சரியில்ல. நிஜப் பிளவுக்கு ஞாபகம் உண்டு, ஒருக்கா வெடிச்சா இறுக்கம் குறையும், திரும்ப ஏறணும். சீட்டுக் குலுக்கல்ங்கறது கணக்குப் போடறவங்க வசதிக்கு வச்சுக்கிட்டது. நம்ம ஊர்ப் பிளவு எவ்வளவு இறுகி இருக்குன்னு அளக்க ஆள் இல்லாதப்ப குலுக்கல்தான் நேர்மையான பதில்.

---

5 மார்ச் 2023

இப்ப மண்ணு. இது எனக்குப் பிடிச்ச ஏரியா, பெருசா எழுதுவேன், வேண்டாதவங்க தாண்டிப் போங்க.

மேல சொன்ன மேப் எல்லாம் பாறை மேல நின்னா எவ்வளவு ஆடும்னு சொல்றது. வீடு பாறை மேலயா நிக்குது? 1985 செப்டம்பர் 19 மெக்ஸிகோ, நடுக்க மையம் 350 கிமீக்கு அப்பால கடலோரம், ஊரு பழைய ஏரிப் படுகை மேல. ஏரிச் சேறு ரெண்டு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு ஊஞ்சல் கட்டிருச்சு, அதே தாளத்துல ஆடற நடுத்தர உயரக் கட்டடங்களாப் பாத்து விழுந்துச்சு. 2001 ஜனவரி 26 பூஜ், அகமதாபாத் 200 கிமீக்கு மேல தள்ளி, சபர்மதி வண்டல் மண்ணு, கீழ கார் நிறுத்த காலியா விட்ட அபார்ட்மெண்டுங்க உக்காந்துருச்சு. அகமதாபாத் என்ன சோன் தெரியுமா தம்பி? 3. உங்களது ஸ்டில்ட் பிளஸ் 3ன்னு வேற எழுதியிருக்கீங்க.

அதனால நான் என் பீரோவைத் திறந்தேன். இருபத்தஞ்சு வருசத்துல வந்த சாயில் ரிப்போர்ட் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தேன். எலி தின்னது, செட்டில்மெண்ட் தகராறுல கோர்ட்டுக்குப் போனது போக 118 தேறுச்சு. ஒவ்வொண்ணுலயும் எஸ்பிடி எண் இருக்கும்: 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து போட்டுப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடின்னு. பத்துக்குக் கீழன்னா இளசு, முப்பதுக்கு மேலன்னா கெட்டி. 118 இடத்தையும் கம்ப்யூட்டர்ல மேப் மேல புள்ளி வச்சு, நடுவுல இருக்கற இடத்தை அதுவே நிரப்பிக்கற மாதிரி ஒரு கட்டளை குடுத்தேன்.

வந்துச்சு பாருங்க ஒரு படம். ஊர் முழுக்க முட்டை முட்டையா வட்டம். ஒரு போர் (மண்ணைச் சோதிக்கப் போடற துளை) மட்டும் ஒரு பாறாங்கல் மேல போய் இடிச்சு 50க்கு மேல காட்டியிருந்தா, அதைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்கு “கெட்டி நிலம்”னு கம்ப்யூட்டர் பச்சை அடிச்சிருச்சு. அவினாசி ரோட்டு ஓரம் புள்ளி நெருக்கியடிச்சு இருக்கு, ஏன்னா அங்கதான் பெரிய பில்டிங் வருது, காசு குடுத்து போர் போடறாங்க. உக்கடத்துக்குத் தெக்க, சின்னச் சின்ன வீடுங்க நெருங்கி இருக்கற இடம் காலி. யார் அங்க சாயில் டெஸ்ட் பண்றா? சேதம் ஜாஸ்தி ஆகக்கூடிய இடத்துல என் மேப்புக்குக் கண்ணு இல்ல.

---

6 மார்ச் 2023

இதைச் சொல்லாம இருக்க முடியல. 118ல ரெண்டு ரிப்போர்ட், இடம் ஆறு கிலோமீட்டர் வித்தியாசம், வருசம் ரெண்டு வித்தியாசம், எண்ணு மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணே. 8, 11, 17, 26, 41. மண்ணு ரெட்டைப் பிள்ளையா பொறக்குமா என்ன? எந்த லேப்னு சொல்ல மாட்டேன், இப்ப இருக்காங்களான்னே தெரியல. ரெண்டுல ஒண்ணை நம்பி நான் ஒரு ஃபவுண்டேஷன் போட்டிருக்கேன், கட்டடம் நிக்குது, ஆட்டம் வரலைங்கறதால நிக்குது. அந்த ரெண்டையும் எடுத்தாச்சு. அப்புறம் சந்தேகம் வந்து மத்ததையும் சோதிச்சதுல இன்னும் ஒம்பது போச்சு. இப்ப 107.

---

2 ஏப்ரல் 2023

இந்த மேப்பை 2021 கடைசில ஒரு சின்னக் கூட்டத்துல காட்டினேன், நம்ம ஊர் கட்டுமான ஆளுங்க இருபது பேர் இருப்பாங்க. கெட்டி மண்ணு பச்சை, நடுத்தரம் மஞ்சள், இளசு சிவப்பு. முதல் கேள்வி எஸ்பிடி பத்தியும் இல்ல, பிளவு பத்தியும் இல்ல. “ஏனுங்க, என் லேஅவுட்டைச் சிவப்புல போட்டுட்டீங்களே, சைட்டு எப்படி விக்கறது?” அவர் வேடிக்கையா சொல்லல. டீ குடிக்கறப்ப தனியாக் கூப்பிட்டு அந்த ஒரு புள்ளியை எடுத்துடச் சொன்னாரு. நான் எடுக்கல.

ஆனா வீட்டுக்கு வந்து கலரை மாத்தினேன். பழுப்புல மூணு அடர்த்தி. கோழைத்தனம்னு நினைச்சா நினைச்சுக்கங்க. சிவப்புன்னு பாத்தவுடனே ஜனங்க “இங்க கட்டக் கூடாது”ன்னு படிக்கறாங்க, நான் சொல்ல வந்தது “இங்க கட்டினா அஸ்திவாரத்துக்குக் கூடக் கொஞ்சம் யோசி”ன்னுதான். பச்சைல ஒரு ஆபத்து, “இங்க எப்படி வேணா கட்டலாம்”னு அர்த்தம் ஆயிருது. 1962ல அந்த 0 பண்ணின வேலைதான இது.

---

3 ஏப்ரல் 2023

கோயமுத்தூர் பூரா மேலயே பாறை, பயமில்லைன்னு நானே பத்து வருசம் முன்னாடி பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன். ஊரைச் சுத்திக் குளம்தான: பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர். குளத்துக்கு ஓரம், வாய்க்கா போன தடம், இதுங்க மேலயெல்லாம் கட்டட இடிபாடு கொட்டி மட்டம் பண்ணி மனை போட்டது எத்தனை? பழைய ரெவின்யூ மேப்பையும் இப்பத்த சாட்டிலைட் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். என் 107 போரைவிட அது ஜாஸ்தி பேசுச்சு. பாட்டிகிட்ட “இங்க முன்ன என்ன இருந்துச்சு”ன்னு கேக்கறதும் ஒரு மண் பரிசோதனைதான். ஒருத்தர் “தாமரை பறிப்போம்”னு சொன்ன இடத்துல இப்ப நாலு மாடி ஆஸ்பத்திரி.

---

11 ஏப்ரல் 2023

இன்னிக்குத் தேதி பாத்ததும் ஞாபகம் வந்துச்சு, 2012ல இதே நாள். சுமாத்ராவுக்கு அப்பால 8.6, நம்ம நேரம் மத்தியானம் ரெண்டு மணி சொச்சம். நான் மெட்ராஸ்ல பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு சைட்டுல தரையில நின்னுட்டு இருந்தேன், ஒண்ணும் தெரியல. எதிர்ல இருந்த கண்ணாடிக் கட்டடத்துல இருந்து கழுத்துல பட்டை மாட்டின பிள்ளைங்க சாரை சாரையா இறங்கி வராங்க. மேல் மாடில சேர் தானா உருண்டுச்சாம். தூரத்துப் பெரிய நடுக்கத்துல இருந்து வேகமான அலை வழியிலயே செத்துரும், மெதுவான அலை மட்டும் வந்து சேரும், அது உயரமான கட்டடத்தைத்தான் ஆட்டும். அதனால ஊருக்கு ஒரே மேப் பத்தாது, குட்டை வீட்டுக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடணும். என்னோடதுல குட்டைக்கு மட்டும்தான் இருக்கு.

---

11 ஏப்ரல் 2023, இரவு

முல்லைப் பெரியாறு பத்திக் கேட்ட மூணு பேருக்கும்: வேண்டாம். இந்த இழை செத்துரும்.

---

14 மே 2023

ஒரு விசயம் மனசை உறுத்திட்டே இருக்கு, ஒத்துக்கிட்டுடறேன். தம்பி வீடு உயரம் 12 மீட்டர், அகலம் 16ன்னு வச்சா புத்தகச் சூத்திரப்படி ஊசலாட்ட நேரம் 0.27 செகண்ட் வருது. அந்த நேரத்துக்கு, விசைச் சூத்திரத்துல கடைசியாப் பெருக்கின எண்ணு பாறைக்கும் 2.5தான், நடுத்தர மண்ணுக்கும் 2.5தான், சேறுக்கும் 2.5தான். அதாவது ஆறு மாசம் எலிப்புழுக்கையோட மல்லுக்கட்டி நான் போட்ட மண் மேப், இவர் வீட்டு விசைக் கணக்குல ஒரு கிலோவைக்கூட மாத்தாது! அஸ்திவாரத்துக்கு உதவும், இறங்கறது சாயறதுக்கு உதவும், நிஜத்துல இளமண்ணு ஜாஸ்தியா உலுக்கும்ங்கறதும் உண்மை. ஆனா அனுமதிக்குப் போற தாள்ல அது தெரியாது.

அப்ப மேப் யாருக்கு? ஒரு வீட்டுக்காரருக்கு இல்ல, ஊரைத் திட்டம் போடறவங்களுக்குன்னு இப்ப தோணுது. எந்த ஆஸ்பத்திரி குளத்து மேட்டுல நிக்குது, ஃபயர் ஸ்டேஷன் ஷட்டர் கோணி வண்டி வெளிய வர முடியாமப் போனா அடுத்தது எங்க இருந்து வரும், ஓடைப்பாலம் போச்சுன்னா மேக்கால எத்தனை வார்டு துண்டாகும். இதுக்கெல்லாம் மண் மேப் மேல கட்டட மேப்பை வைக்கணும். பிஎம்டிபிசிங்கற மத்திய அரசு கட்டடத் தொழில்நுட்ப அமைப்பு போடற பாதிப்பு அட்லஸ்ல (1997, 2006, 2019னு மூணு பதிப்பு) மாவட்ட வாரியா எத்தனை வீடு மண் சுவரு, எத்தனை செங்கல், எத்தனை காங்கிரீட்டுன்னு சென்சஸ்ல இருந்து எடுத்து வச்சிருக்காங்க. மாவட்டம்ங்கறது ரொம்பப் பெருசு, வார்டு அளவுல வேணும். நம்ம பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மட்டும் முதல்ல எண்ணினாக்கூடப் போதும், ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க ரெண்டு செமஸ்டர்ல முடிச்சிருவாங்க.

கேட்டும் பாத்தேன். ஒரு அலுவலகத்துல மேப்பைப் பாத்துட்டு “நல்லா இருக்குதுங்க, லேமினேட் பண்ணிக் குடுங்க”ன்னாங்க. குடுத்தேன். போன மாசம் போனப்ப கண்ணாடிக்கு அடியில இருந்துச்சு, அது மேல காலண்டர்.

---

15 மே 2023

சேலத்துப் பையன் மறுபடியும்: “சார், 2.5 எல்லா மண்ணுக்கும் ஒண்ணுன்னா கீழ ஸ்டில்ட் காலியா இருக்கறதைக் கணக்குல எடுத்தீங்களா? சுவரு இல்லாத மாடிக்கு அந்த 0.27 செல்லாதே.” சரிதான். 0.27 குடுத்த அந்தச் சூத்திரம் சுவரு நிரம்பின கட்டடத்துக்கு. ஸ்டில்ட்டை வச்சுப் பாத்தா நேரம் நீளும், அப்ப மண்ணும் உள்ள வரும். அதைவிட முக்கியம், மேல மூணு மாடி சுவரோட கெட்டி, கீழ வெறும் காலு, ஆட்டம் முழுக்க அந்தக் காலு தலையில இறங்கும். அகமதாபாத்ல பாத்தது அதுதான். தம்பி, ஸ்டில்ட்ல ரெண்டு பக்கமும் காங்கிரீட் சுவரு ரெண்டு இறக்க முடியுமான்னு உங்க இன்ஜினியர்கிட்ட கேளுங்க. ஒரு கார் நிறுத்தற இடம் போகும்.

---

3 ஜூன் 2023

வீட்டுக்காரத் தம்பி வடவள்ளிக்கு வரச்சொல்லி லொக்கேஷன் அனுப்பினாரு, போயிட்டு வந்தேன். காங்கிரீட் சுவரு ரெண்டும் வருது, தம்பிங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு ஒரு பைக்கை வெளிய நிறுத்தறதா முடிவாம்.

பில்லர் பன்னெண்டுக்குப் பதினெட்டு, பதினாறு எம்எம் கம்பி. ரிங் எட்டு எம்எம். மேல ஒண்ணரை அடி, கீழ ஒண்ணரை அடி மூணு இஞ்சுக்கு ஒண்ணு வரணும், வந்திருந்துச்சு. எல்லாம் சரி, ரிங் நுனில மடக்கற கொக்கி மட்டும் எல்-ஆ இருந்துச்சு, தொண்ணூறு டிகிரி. கம்பி கட்டறவர் பெரியவர், நாப்பது வருசமா இந்த வேலை. “உள்ள மடக்கினா வைப்ரேட்டர் ஊசி இறங்காதுங்க, ஜல்லி அடைக்கும்”னாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. தொண்ணூறுன்னா வெளிக் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துரும், உள்ள இருக்கறது பிதுங்கிரும்னு சொன்னேன். தலையாட்டினாரு, நம்பல.

கீழ கிடந்த ரிங் ரெண்டை எடுத்தேன். ஒண்ணு அவரோட எல் கொக்கி, இன்னொண்ணை நூத்தி முப்பத்தஞ்சுக்கு உள்பக்கமா மடக்கச் சொன்னேன், நுனி 65 மிமீ, அவர் கணக்குல நாலு விரல். ரெண்டையும் ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துப் பாத்தாங்க. முதல்தைப் பெரியவரோட பேரனே பிரிச்சுட்டான். ரெண்டாவதைப் பெரியவரே இழுத்தாரு, கடப்பாரை வச்சு நெம்பினாரு. “ம்”னாரு. ஜல்லியை 20க்குப் பதிலா 12 எம்எம்மா மாத்திக்கலாம், ஊசி சின்னது வாங்கிக்கலாம்னு பேசி முடிச்சோம். ஏற்கனவே கட்டின ஆறு பில்லரையும் பிரிக்கணும், கூலி யார் குடுக்கறதுன்னு அங்கயே பஞ்சாயத்து ஆரம்பிச்சுது, நான் இளநீரைக் குடிச்சுட்டு நழுவிட்டேன்.

---

9 ஜூன் 2023

போட்டோ வந்துச்சு. மூணாவது பில்லர்ல கிழக்கு ஓரம் ஒரு ரிங் கொக்கியும் அடுத்த ரிங் கொக்கியும் ஒரே மூலைல இருக்கு, மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுங்க. மத்தது ஓகே, காங்கிரீட் ஊத்திக்கலாம்.